எடை நின்ற கலயம்

அத்தியாயம் 9

இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து பக்கிரி கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். ஏறினவன் எங்கேயாவது இறங்கியே ஆகவேண்டும். டிக்கெட் எடுக்காதவனும் இறங்குவான், தூங்கிப் போனவனும் இறங்குவான். மரக் கடைசல்காரர் சிங்காரம் விஷயத்தில்தான் அந்தப் பாடம் பலிக்கவில்லை. ஜனவரியில் அண்ணாகிராமத்து வீட்டைவிட்டுக் கிளம்பிய மனுஷன், அக்டோபர் பாதி கழிந்தும் எந்த ஸ்டாப்பிலும் இறங்கியதாகத் தகவல் இல்லை.

"இன்னைக்கு இறங்கிடுவாரு மேடம். என் மனசு சொல்லுது" என்றார் பக்கிரி. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"போன வாரம் பிணவறை வாசல்லயும் உங்க மனசு இதையேதான் சொல்லுச்சு பக்கிரிண்ணே" என்றாள் ஸ்வர்ணலதா.

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஸ்வர்ணலதாவின் துப்பறியும் ஆபீஸ். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பக்கிரி. வயதில் மூத்தவர் என்று அவரை அண்ணன் போட்டுத்தான் கூப்பிடுவாள், ஆனால் அண்ணன் பேச்சைக் கேட்கும் பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. இருவருமாக இந்த ஒரு மாதத்தில் சிங்காரத்தைத் தேடி மூன்று பிணவறை, இரண்டு துறைமுகத்துச் சாராயக் கடை, ஒரு மனநல விடுதி எல்லாம் ஏறி இறங்கிவிட்டார்கள். கைக்குக் கிடைத்தது பக்கிரிக்குப் பிடித்த ஜலதோஷம் மட்டும்தான்.

வழக்கைக் கொண்டுவந்தவர் சிங்காரத்தின் தம்பி தங்கராசு. நெல்லிக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சாது மனுஷர். போன டிசம்பர் கடைசியில் தானே என்ற புயல் அடித்து, அந்தப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஒரே விடியலில் வேரோடு சாய்ந்தன. சிங்காரம் வீட்டுக் கொல்லையில் நின்ற பெரிய பலாவும் அதில் ஒன்று. மரம் இரண்டாகப் பிரிகிற கவையில்தான் நல்ல ரேகை ஓடும் என்பதால் சிங்காரம் அந்தக் கவையை மட்டும் அறுத்தெடுத்து, வாடகை ஜெனரேட்டரில் கடைசல் மிஷினை ஓட்டி, உள்ளே கூடாக ஒரு கலயம் கடைந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியது தங்கராசுதான். ஜனவரி இருபத்து நாலாம் தேதி, விழுந்த மரங்களை ஏற்றிப்போன ஒரு லாரியைத் தொற்றிக்கொண்டு, நல்ல கவையெல்லாம் வீணாக விறகாகப் போகிறதே, நாலைந்தைக் கேட்டு வாங்கிவருகிறேன் என்று போனவர்தான். கடலூர் துறைமுகத்தில் டீ குடித்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

இதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று உறவு ஜனம் கூடிப் பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதிக்கு நாள் குறித்துவிட்டது. உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் ஒரு உருவம் செய்து, அதற்கே எல்லாம் செய்துவிடுவது வழக்கம். சிங்காரத்தின் மனைவி விருத்தாம்பாளின் தாலியை அன்றைக்குத்தான் இறக்குவார்கள். நாள் குறித்த பிறகு, முந்தாநாள் சிதம்பரத்திலிருந்து ஒரு கடைக்காரர் தங்கராசுக்குப் போன் செய்தார். சிங்காரம் அனுப்பிய கலயம் வந்து சேர்ந்தது, விலை என்ன வைக்கட்டும் என்று கேட்டார்.

தங்கராசு ஆபீஸுக்கு வந்து அழுதது பக்கிரிக்கு இன்னும் காதிலேயே இருந்தது. "உயிரோட இருக்கறவனுக்குக் கருமாதி செஞ்சாலும் பாவம் மேடம், செத்தவனுக்குச் செய்யாம வுட்டாலும் பாவம். ரெண்டுல எது பாவம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அண்ணி ரொம்பவும் ஒடிந்துபோயிருக்கிறாள் என்றும், சித்திரை மாதத்தில் மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவள் இன்னும் தேறவில்லை என்றும் சொன்னார். போன் வந்த பிறகுதான் அண்ணிக்கே நினைவு வந்ததாம், புருஷன் போகிறபோது கலயத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார் என்று.

விருத்தாம்பாளை அவர்கள் போன வாரம் ஒருமுறை பார்த்தார்கள். காப்பித் தம்ளரைக்கூட முந்தானைக்குள் சுற்றிய கையாலேயே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொடுத்த போட்டோவில் சிங்காரம் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

* * *

சுப்புரத்தினத்தின் கடை கீழ வீதியில் இருந்தது. வாசலில் பித்தளை நடராஜர்கள் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் காலைத் தூக்கி நின்றார்கள். "இவ்வளவு பேரு ஆடியும் ஒருத்தருக்கும் கால் வலிக்கல பாருங்க" என்று பக்கிரி ஆரம்பித்ததைக் கடைக்காரர் ரசிக்கவில்லை. தினம் நாலு பேர் சொல்கிற ஜோக் போலிருக்கிறது.

கலயத்தை அவர் இரண்டு கையாலும் எடுத்துவந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தார். ஒரு முழ உயரம் இருக்கும். கழுத்து குறுகல், வயிறு அகலம், அடியில் தீய்த்துப் போட்ட மூன்று வளையம். அந்த வளையம் சிங்காரத்தின் கையெழுத்து மாதிரி, வேறு யாரும் போடுவதில்லை என்றார் சுப்புரத்தினம். பலா மரத்தின் மஞ்சள் நிறம் வெளியே பழுத்துப் பழுப்பாகியிருந்தது. ஸ்வர்ணலதா டார்ச் அடித்துக் கழுத்துக்குள் பார்த்தாள். உள்ளே இன்னும் மஞ்சளாகவே இருந்தது. வயிற்றின் ஒரு பக்கம் முழுக்க அந்தக் கவையின் ரேகை மேல்நோக்கி எரிகிற தீயாகப் பிரிந்து ஓடியது. பக்கிரி மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர், அவரே குனிந்து அந்த ரேகையை விரலால் தடவிப் பார்த்தார்.

அதைவிட வேடிக்கை, கலயத்தைச் சுற்றி மேலிருந்து கீழாக வரிவரியாகப் பென்சிலில் எழுதியிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் இதை மந்திரம் என்று நினைத்து விழுந்து கும்பிட்டாராம்.

ஸ்வர்ணலதா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படித்தாள். 6.1 என்று ஒரு தேதி, எதிரே 3,900. 13.1, எதிரே 3,620. அப்படியே இறங்கி இறங்கி வந்தது. கடைசி மூன்று வரிகளில் செப்டம்பர் பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு. மூன்றுக்கு எதிரேயும் 2,240.

"எடைங்க" என்றார் சுப்புரத்தினம். பச்சை மரத்தைக் கடைந்தால் அது காயக் காயக் கோணும். அதனால் சிங்காரம் முதலில் தடிமனாகக் கடைந்து, மரத்தூளுக்குள் புதைத்துவைத்து, வெள்ளிக்கு வெள்ளி எடை போடுவார். ஈரம் போகிற வரைக்கும் எடை குறையும். மூன்று வாரம் ஒரே எடை நின்றால் மரம் காய்ந்தாயிற்று என்று அர்த்தம். இதையெல்லாம் கடைக்காரர் மேஜையில் விரலால் வரைந்து வரைந்து விளக்கினார்.

ஸ்வர்ணலதா முதல் மூன்று வரிகளையும் கடைசி மூன்று வரிகளையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்பதின் காலில் ஒரு சின்னக் கொக்கி. இரண்டின் வால் மேலே சுழிந்திருந்தது. ஜனவரியிலும் அப்படித்தான், செப்டம்பரிலும் அப்படித்தான்.

"ஜனவரி ஆறாந்தேதி எழுதினது யாரு பக்கிரிண்ணே?"

"அப்ப சிங்காரம் வீட்லதான இருந்தாரு."

"செப்டம்பர் இருபத்தெட்டு?"

பக்கிரி குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். ஒரு மாதமாகப் பிணத்தைத் தேடிய மனுஷனுக்கு முகம் மலர்ந்தது. "அதே கை மேடம். மனுஷன் இருக்காரு. மூணு வாரம் முன்னால வரைக்கும் பென்சில் புடிச்சிருக்காரு" என்றவர், தங்கராசுக்கு இப்போதே போன் போடலாம், தர்ப்பைப் புல்லை ஆட்டுக்குப் போடச் சொல்லலாம் என்று செல்போனைக் கையிலேயே எடுத்துவிட்டார்.

ஸ்வர்ணலதாவும் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கலயத்தைச் செல்லமாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டாள். அது நேராகச் சுழலாமல் கண்ணாடிமேல் தள்ளாடித் தள்ளாடி நின்றது. அவள் சிரிப்பும் அங்கேயே நின்றது.

"இது கோணலா இருக்கே" என்றாள்.

சுப்புரத்தினம் ஒத்துக்கொண்டார். பின்னால் அலமாரியிலிருந்து சிங்காரத்தின் பழைய குடுவை ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அது மெல்லிசாக, வழவழப்பாக, காசைப் போல வட்டமாக இருந்தது. காய்ந்த பிறகு கோணலை எடுத்து இரண்டாம் தரம் கடைவார் என்றும், இந்தத் தரம் ஏனோ அப்படியே அனுப்பிவிட்டார், கையில் மிஷின் இல்லையோ என்னவோ என்றும் சொன்னார். ஸ்வர்ணலதா மறுபடி அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாக விரல்வைத்து எண்ணினாள். ஏப்ரலுக்கு வந்ததும் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பக்கிரியிடம் போனைப் பையில் வைக்கச் சொன்னாள். தங்கராசுக்கு இப்போது வேண்டாம் என்றாள்.

* * *

கலயத்தைக் கொண்டுவந்து கொடுத்தது ஒரு பஸ் கண்டக்டர், பெயர் ஆண்டி என்று கடைக்காரர் சொன்னார். பக்கிரிக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த சமாச்சாரம். ஆண்டி அவர் கையில் டிக்கெட் கிழிக்கப் பழகியவன், மச்சான் முறை வேறு. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸும் கையுமாக அவனைப் பிடித்துவிட்டார்.

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் சாயங்கால நெரிசலில், வண்டி நகரும் நேரத்தில் ஜன்னல் வழியாக அந்தச் சாக்குப் பொட்டலம் வந்ததாம். மேலே கடை விலாசமும் சிங்காரம் என்ற பெயரும் எழுதின சீட்டு ஒட்டியிருந்தது. டீக்கு ஒரு பத்து ரூபாயும் கூடவே வந்தது. ஆளை அவன் பார்க்கவில்லை.

"கையத்தான் பாத்தேன் மாமா. முழுக்கைச் சட்ட. நீலக் கட்டம்."

பக்கிரி பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினார். ஆண்டி பார்த்துவிட்டு இதே சட்டைதான் என்று சத்தியம் செய்தான். சட்டை ஞாபகம் இருக்கக் காரணம் அந்தக் கைதானாம். விரலெல்லாம் தார் பூசினமாதிரி கறுத்து, நுனியில் தோல் உரிந்து வெந்துபோயிருந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்ததால் அவன் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக்கொடுக்கப் பார்த்தான், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

பக்கிரிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கடைசல்காரர் கை ஏன் கறுக்கிறது? கெமிக்கல் வேலை. கெமிக்கல் எங்கே? சிப்காட். புயலில் பிழைப்புப் போன அவமானத்தில் மனுஷன் பெயரை மாற்றிக்கொண்டு ஏதோ ஒரு கம்பெனியில் டிரம் உருட்டுகிறார், பட்டறை கிடையாது, அதனால்தான் கலயம் கோணலாகவே வந்தது. நாளைக் காலையில் சிப்காட் கேட்டில் நின்றால் ஷிஃப்ட் விடும்போது கையைப் பார்த்தே பிடித்துவிடலாம் என்றார்.

"ஒருத்தரு ஒருத்தரா கை நீட்டச் சொல்லி ஜோசியம் பாக்கப் போறீங்களா?" என்றாள் ஸ்வர்ணலதா. குரலில் கிண்டல் இருந்ததே தவிர, முகத்தில் இல்லை. "சிப்காட் வேணாம். அண்ணாகிராமம் போவோம்."

சுப்புரத்தினத்திடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கலயத்தை இரவலாக வாங்கிக்கொண்டார்கள். பக்கிரி அதைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்து மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்கிற மழை. வழியெல்லாம் புயலில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் மேடுமேடாகத் தெரிந்தன. நிழலில்லாத அந்த ரோட்டைப் பார்க்காமலிருக்கப் பக்கிரி பேசிக்கொண்டே வந்தார். சிங்காரம் கிடைத்தால் முதல் வேலையாக இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றார். பெண்டாட்டிக்கு ஒரு போன் போடத் தெரியாதவனுக்குக் கடைக்கு மட்டும் கலயம் அனுப்பத் தெரிகிறதா?

"அதேதான் எனக்கும் புரியல" என்றாள் ஸ்வர்ணலதா. அப்புறம் பக்கிரியிடம் ஒன்று கேட்டாள். ஒருவர் சோறு ஆக்குகிறார். அரிசி போட்டு, பதம் பார்த்து, சரியாக வெந்தது என்று தெரிந்துகொள்கிறார். அப்புறம் கஞ்சி வடிக்காமல் பானையோடு ஊருக்கு அனுப்பினால் என்ன அர்த்தம்?

"வடிக்கத் தெரியாதுன்னு அர்த்தம்."

"பதம் பாக்க மட்டும் தெரியும்."

பக்கிரி மடியிலிருந்த கலயத்தைப் பார்த்தார். முப்பத்தேழு வாரம் எடை போட்டவர், மூன்று வாரம் எடை நின்றதைக் கண்ணாரப் பார்த்தவர், எதற்காக அத்தனை எடையும் போட்டாரோ அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை. மிஷின் இல்லாதவர் என்றால் காத்திருப்பார், கோணலை விலைக்கு அனுப்ப மாட்டார். கடையத் தெரிந்தவர் கை அதைச் செய்யாது. பக்கிரிக்கு மெள்ளப் புரிய ஆரம்பித்தது. புரிந்ததும் பிடிக்கவில்லை.

"ஏப்ரல் மாசத்தப் பாருங்க" என்றாள் அவள். "இருபது, இருபத்தேழு, ரெண்டு வெள்ளிக்கும் வரியே இல்ல. சித்திரையில ரெண்டு வாரம் படுத்துக் கிடந்தது யாரு?"

பக்கிரி கலயத்தைத் திருப்பி ஏப்ரல் வரிகளைத் தேடினார். பதிமூன்றுக்கு அடுத்தது மே நாலு.

* * *

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. கொல்லைப்பக்கம் பட்டறைக் கொட்டகையில் ஒதுங்கி நின்றார்கள். கடைசல் மிஷினைப் பழைய போர்வையால் மூடியிருந்தது. ஒரு மூலையில் மரத்தூள் நிரம்பிய சாக்கு, அதன் நடுவில் ஒரு கலயம் அளவுக்குக் குழி அப்படியே இருந்தது. உத்தரத்தில் தட்டுத் தராசு ஒன்று தொங்கியது. எடைக்கற்கள் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தன.

நாலரை மணிக்கு விருத்தாம்பாள் வந்தாள். பக்கத்து ஊர் முந்திரி உடைக்கிற கொட்டகையிலிருந்து, மழைக்குத் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்தபடி நடந்து வந்தாள். உடைக்கிற பெண்கள் எல்லாரும் செய்வதைப்போலப் புடவைமேல் ஆம்பிளைச் சட்டை ஒன்றை மாட்டியிருந்தாள். நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. கையை மறைக்க இந்தத் தடவை முந்தானை வெளியே இல்லை. முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, நுனி வெந்திருந்தது.

பக்கிரி தலையில் அடித்துக்கொண்டார். பிறந்தது முதல் பார்க்கிற கை. இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்திக்கு இந்தக் கை உண்டு. அதைத் தேடி அவர் சிப்காட்டுக்குப் போகப் பார்த்தார்.

பக்கிரியின் இடுப்பிலிருந்த கலயத்தை அவள் பார்த்தாள். சாக்கை உதறி மாட்டிவிட்டு, "கீழ வையுங்க, கை வலிக்கும்" என்றாள்.

ஸ்வர்ணலதா நேராகவே கேட்டாள். எழுத்து உங்களுடையதுதானே? ஜனவரி ஆறாம் தேதி எழுதியதும்?

"அவுரு கடைவாரு, நான் எடை போடுவேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான்" என்றாள் விருத்தாம்பாள். எழுத்து ஆரம்பம் முதல் அவளுடையதுதான். சிங்காரத்துக்குப் பென்சில் பிடிக்கவே பிடிக்காது.

பிறகு அவளே சொன்னாள். லாரிக்குக் கிளம்பும்போது அவர் கலயத்தைச் சாக்குக்குள் புதைத்துவிட்டு, வெள்ளி தவறாமல் எடை போடு, மூன்று வெள்ளி ஒரே எடை நின்றால் காய்ந்தாயிற்று, அதற்குள் நான் வந்து கடைந்துவிடுவேன் என்றாராம். அவள் போட்டாள். வாராவாரம் குறைந்துகொண்டே வந்தது. குறைகிற வரைக்கும் அவளுக்குப் பயமே இல்லை, ஏனென்றால் காயாத கலயத்துக்கு அவர் வரவேண்டிய அவசியம் இல்லை. ஆவணி கடைசியில் எடை நின்றது. முதல் வெள்ளி நின்றது, இரண்டாவது வெள்ளி நின்றது. மூன்றாவது வெள்ளி, எழுதிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வந்தது தங்கராசு. கருமாதிக்கு நாள் பார்த்தாயிற்று என்று சொல்லத்தான் வந்தார்.

அதனால்தான் அனுப்பினாள். யாராவது பார்த்து, ஆள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்தாள். துப்பறிகிறவர்கள் அந்தக் கலயத்தையே படித்துவிடுவார்கள் என்று தெரியாது.

பக்கிரிக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, அந்தக் கடைசி ரெண்டு வரியக் கொஞ்சம் கொறச்சி எழுதியிருந்தா இன்னும் காயலன்னு ஆயிருக்குமே. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"எடையில பொய் எழுத எனக்கு வராதுங்க" என்றாள் அவள். ஊரையே ஏமாற்றப் பார்த்தவள் அதைச் சொன்னபோது பக்கிரிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கலயத்தை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று பக்கிரிக்கு அப்போதுதான் உறைத்தது. கறுத்த விரல்கள் ஒவ்வொரு கல்லாக எதிர்த்தட்டில் வைத்தன. இரண்டு கிலோ. இருநூறு. நாற்பது. முள் நடுவுக்கு வரவில்லை. இன்னொரு இருபது வைத்தாள், ஒரு பத்து வைத்தாள். முள் நின்றது.

"ரெண்டாயிரத்து எரநூத்தி எழுவது" என்றாள். "முப்பது கிராம் ஏறியிருக்கு. இன்னும் காயலம்மா. இன்னும் அவுருக்கு நாள் இருக்கு."

ஸ்வர்ணலதா அவளைப் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பக்கிரிக்கு அப்புறமெல்லாம் தோன்றும். ஆனால் ஸ்வர்ணலதாவுக்கும் பொய் வராது.

"அது மழை ஈரம்மா."

"தெரியும்" என்றாள் விருத்தாம்பாள். "இருவது வருசமா எடை போடறேன். எனக்குத் தெரியாதா?"

கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்தது. பக்கிரி ஸ்வர்ணலதாவை ஒருபக்கமாக இழுத்துப்போய்த் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். ஆறு மாதம் தள்ளிப்போட்டால் யார் குடி முழுகப் போகிறது? சிப்காட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று தங்கராசிடம் சொல்லிவைக்கலாம், அந்தப் பொய்யைத் தானே சொல்கிறேன், மேடம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றார்.

"ஆறு மாசம் கழிச்சு என்ன சொல்றது பக்கிரிண்ணே?"

பக்கிரி செல்போனை எடுத்து, மறுபடி பையிலேயே போட்டார்.

தங்கராசு அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குடையை மடக்காமலே கொட்டகைக்குள் வந்து நின்றார். கலயத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், ஸ்வர்ணலதாவைப் பார்த்தார். எது பாவம் என்று மறுபடியும் அவர் முகம் கேட்டது. ஸ்வர்ணலதா பதில் சொல்ல வாயெடுத்தாள். விருத்தாம்பாள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் தம்பி அனுப்புனேன். உங்கண்ணன் அனுப்பல. அவுரு எடுத்துக்கிட்டும் போவல."

தங்கராசு கோபப்படுவார் என்று பக்கிரி எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் மிஷின்மேல் கிடந்த போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார், சரிசெய்து முடித்ததையே மறுபடி சரிசெய்தார். அப்புறம் மேலே ஒழுகுகிற தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமயும் மழ வுடாதுங்கறாங்க அண்ணி. வாசல்ல ஒரு தார்ப்பாய் கட்டணும்" என்றார்.

"கட்டுங்க" என்றாள் அவள்.

வழக்கு முடிந்துவிட்டது. கிளம்பும்போது பக்கிரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். விருத்தாம்பாள் கலயத்தைத் தட்டிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து இன்றைய வரியை எழுதிக்கொண்டிருந்தாள். 19.10, எதிரே 2,270. எழுதி முடித்தும் பென்சிலை வைக்கவில்லை. அதற்குக் கீழே 26.10 என்று அடுத்த வெள்ளியின் தேதியையும் இப்போதே போட்டு, எதிரே எடைக்கு இடம் விட்டாள்.